ஓவர்டைமுக்கு வரி இல்லை என்று நம்பி வந்தவர்களும் எங்கள் சம்பளக் கணக்கும்

நியூ ஜெர்சியில் ஒரு சிறு தொழிற்கூடத்தில் பல ஆண்டுகளாகச் சம்பளக் கணக்கு பார்த்து வருகிறேன். 2017 டிசம்பரில் வந்த வரிச் சட்டத்தால் மறு ஆண்டு பிடித்தம் குறைந்து, கைக்கு வரும் சம்பளம் கூடியபோது எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஆளுக்கு 4,050 டாலராக இருந்த தனிநபர் விலக்கு நின்றுபோனது, 2019இல் வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போதுதான் சிலருக்கு உறைத்தது. அதைவிடக் கடினமாக இருந்தது 2025.

அந்த ஆண்டு ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம், ஓவர்டைம் கழிவை, அதாவது அந்தக் கூலியின் ஒரு பகுதியை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் சலுகையை, ஜனவரி 1 முதலே செல்லுபடியாக்கியது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஊழியர் ஒருவர், ஓவர்டைம் தொகையைப் பென்சிலால் வட்டமிட்ட சம்பளச் சீட்டை என் மேசையில் வைத்து, "வரி கிடையாது என்றார்களே, இன்னும் ஏன் பிடிக்கிறீர்கள்?" என்று கேட்டார். அவர் கோபப்படவில்லை, ஏமாந்துவிட்டோமோ என்ற கவலைதான் அவர் முகத்தில் தெரிந்தது.

அதே சீட்டின் பின்புறத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். அவருடைய மணிக்கூலி 20 டாலர், ஓவர்டைமுக்கு 30. கழிவுக்குத் தகுதி பெறுவது கூடுதலாக வரும் 10 டாலர் மட்டுமே. ஆண்டுக்கு 200 மணி நேரம் உழைத்து 6,000 டாலர் பெற்றாலும் கழிவு 2,000தான். அவர் இருக்கும் 12 சதவீத வரி அடுக்கில் மிச்சமாவது 240 டாலர். ஓய்வூதியத்துக்கான சோஷியல் செக்யூரிட்டி 6.2 சதவீதமும் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர் 1.45 சதவீதமும் முழுத் தொகைக்கும் உண்டு. அதே அளவை முதலாளியும் கட்டியாக வேண்டும். 2025க்கான வரிப் பிடித்த அட்டவணைகளை வரித்துறையான ஐ.ஆர்.எஸ். மாற்றாததால், அந்த 240 டாலரும் ரிட்டர்ன் தாக்கல் செய்த பிறகே கைக்கு வரும்.

ஆண்டுச் சம்பளத்தையும் பிடித்தத்தையும் காட்டும் டபிள்யூ-2 படிவத்தில், கழிவுக்குத் தகுதியான தொகையைத் தனியே காட்டாத முதலாளிகளுக்கு 2025க்கு அபராதம் இல்லை என்று சலுகை அளித்தார்கள். முதலாளிக்கு அது நிம்மதி. ஆனால் கணக்கிடும் சுமை ஊழியர் தலையில் விழுந்தது. அது நியாயமில்லை என்று எங்கள் முதலாளியிடம் வாதாடி, ஓவர்டைம் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறிப்பிட்டு ஒவ்வொருவருக்கும் தனிக் கடிதம் கொடுத்தோம். மூன்று மாலைகள் பிடித்த வேலை. செய்ததில் எனக்கு முழு நிறைவு. 2026 முதல் டபிள்யூ-2 படிவத்திலேயே அதற்கென ஒரு குறியீடு வந்துவிட்டது.

* * *

மேலே எழுதியவரின் முதலாளி கொடுத்தது போன்ற கடிதம் எனக்குக் கிடைக்கவில்லை. நான் கலிபோர்னியாவில் ஒரு கிடங்கில் வேலை செய்கிறேன். இங்கே மாநிலச் சட்டப்படி ஒரு நாளில் 8 மணி நேரத்தைத் தாண்டினாலே ஓவர்டைம். ஃபெடரல் கழிவுக்கோ, வாரத்தில் 40 மணி நேரத்தைத் தாண்டியதற்காக ஃபெடரல் தொழிலாளர் சட்டம் கட்டாயமாக்கும் கூடுதல் பகுதிதான் கணக்கு. மூன்று நாள் பத்துப் பத்து மணி நேரம் வேலை செய்த வாரங்களில் எனக்கு 6 மணி நேர ஓவர்டைம் கிடைத்திருந்தாலும், மொத்தம் 30 மணி நேரம்தான் என்பதால் அதில் ஒரு காசும் கழிவுக்குத் தேறவில்லை. சம்பளச் சீட்டில் இந்த இரண்டு வகை ஓவர்டைமும் ஒரே வரியில் சேர்ந்திருந்தன. 52 வாரச் சீட்டுகளையும் தரையில் பரப்பி, 40ஐத் தாண்டிய வாரங்களை மட்டும் என் மனைவி படிக்கப் படிக்க நான் தாளில் எழுதிக்கொண்டேன். அந்தத் தாளை ரிட்டர்ன் நகலோடு சேர்த்துப் பத்திரப்படுத்தியிருக்கிறேன்.