நுரைவழியா, நுரைத்தளையா?

அன்புடையீர்,

நிலவியல் மாணவர்க்கான பாடமொன்றை வெள்ளிக்கிழமைக்குள் மொழிபெயர்த்து ஒப்படைக்க வேண்டும். ஆழத்து நுண்துளைப் பாறைக்குள் கரியமில வாயுவைச் செலுத்தும்போது அங்கேயே நுரையை உண்டாக்கும் முறைக்கு 'நுரைவழிச் சேமிப்பு' என எழுதியிருக்கிறேன். பொருந்துமா?

*

'வழி' பொருந்தாது, ஐயா. வடகடலின் ஸ்லைப்னர் எரிவாயு வயலில் 1996 முதல் ஆண்டுக்கு ஏறத்தாழப் பத்து லட்சம் டன் வாயு உட்சிரா மணற்பாறைக்குள் செலுத்தப்பட்டது. நுரையில்லாமலே சேமிப்பு நடந்தது. ஆனால் அந்த வாயு உப்புநீரைவிட இலேசானது, பாகுத்தன்மையும் குறைந்தது. ஆகவே கிடைத்த பாதையில் விரைந்து மேலேறி, மூடுபாறையின் அடியில் படர்ந்துவிடுகிறது, கீழுள்ள துளைகள் பல வாயு புகாமலே கிடக்கின்றன. பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருள் கலந்த நீர் துளையிடுக்குகளில் மென்படலங்களாக நின்று அந்த ஓட்டத்தை மறிக்கும்போதுதான் வாயு பக்கத்துத் துளைகளிலும் புகுகிறது. நுரையின் வேலை சேமிப்பதன்று, தளைப்பது. 'நுரைத்தளை' என்க. சீரோடு சீரைப் பிணைப்பதும் தளைதானே!

*

யாப்பிலக்கணம் படிக்காத மாணவருக்குத் தளை என்றால் கைவிலங்குதான் நினைவுக்கு வரும். பாறையும் நுரையும் சேர்ந்த சொல் வேண்டுமென்றால் குறுந்தொகையின் 290ஆம் பாடல் இருக்கிறதே: 'கல்பொரு சிறுநுரை'. 'கல்பொரு நுரை' என்றே வைக்கலாம்.

*

அந்த நுரை 'மெல்லமெல்ல இல்லாகு'வது, அம்மா. தலைவி தன் அழிவுக்குச் சொன்ன உவமை. பாறைத்துளைக்குள் நுரை அப்படிக் கரைந்துபோவதுதான் பொறியாளரின் தலைவலி. அதையே பெயராகச் சூட்டுவது அபசகுனம். மேலும் அது கல்லில் மோதும் நுரை, இதுவோ கல்லுக்குள் பிறக்கும் நுரை. என் குறை வேறு: 'சேமம்' வடசொல், சேமிப்பு என்றால் பின்னர் எடுப்பதற்கு. திரும்ப எடுக்கவே கூடாததற்கு 'வைப்பு' என்போம். வள்ளுவரின் 'பொருள்வைப்புழி' இருக்க, செலுத்தும் பாறையை 'வைப்புழி' எனலாம்.

*

வைப்புநிதியையும் மக்கள் எடுக்கத்தானே செய்கிறார்கள்? நாங்கள் யாழ்ப்பாணத்தில் காபனீரொட்சைட்டு என்று படித்தவர்கள்; எங்களுக்குக் 'கரியமில வாயு'வே புதிது, சேமிப்பு அன்று.

*

அனைவருக்கும் நன்றி. மூவர் தலையசைத்துவிட்டதால் (இருவர் களைப்பினால் என்று அஞ்சுகிறேன்) 'நுரைவழிச் சேமிப்பு' நிற்கிறது. துளையிடுக்கில் நிற்கும் தனிப்படலத்துக்கு மட்டும் 'தளைப்படலம்' என எழுதியிருக்கிறேன்.

*

படலத்தைத் தளை என ஒப்பியவர், படலங்களாலான நுரையை ஏன் வழி என்கிறார்? மறிப்பது எப்படி வழியாகும்? என் மறுப்பு அப்படியே இருக்கிறது.