பொன்மலைத் தாத்தா: ஆளுக்கொரு நினைவு

பெரிய பேத்தி:
தாத்தாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் ஊர் திரும்பிவிட்டோம். அன்று பந்தியில் பேசியதெல்லாம் காற்றோடு போய்விடக் கூடாது என்று தோன்றுகிறது. அவரவர் பார்த்ததை எழுதுங்கள். "நல்லவர், பண்பாளர்" எல்லாம் வேண்டாம், அது கண்ணீர் அஞ்சலி போஸ்டரிலேயே இருந்தது. நடந்ததை எழுதுங்கள். சின்னப் பிள்ளைகளுக்காக ஒரு குறிப்பு: நாகப்பட்டினத்தில் இருந்த ரயில்வே பணிமனை 1928-இல் திருச்சி பொன்மலைக்கு மாறியபோது அதோடு சேர்ந்து வந்த குடும்பம் நம்முடையது. தாத்தாவும் அங்கேயே பாய்லர் ஷாப்பில் சேர்ந்து அங்கேயே ஓய்வு பெற்றார்.

சின்ன மகன் வழிப் பேரன்:
தாத்தா இரைந்து பேசுவதைத் தெருவே கோபம் என்று நினைத்தது. காது மந்தம், அவ்வளவுதான். நீராவி எஞ்சின் பாய்லரின் தகடுகளைப் பழுக்கக் காய்ச்சிய ரிவெட் ஆணி வைத்து இணைப்பார்கள். வெளியே ஒருவர் அடிக்க, உள்ளே ஒருவர் முட்டுக்கொடுத்துப் பிடிக்க வேண்டும். இரும்புக் கூட்டுக்குள் குந்தியிருப்பவருக்கு ஒவ்வோர் அடியும் மண்டையில் இறங்கும். இளவயதில் தாத்தா உள்ளே இருந்த ஆள். கடைசிவரை நம் வாயசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொண்டார். அதனால் கைபேசியைப் பார்த்தபடி அவருக்குப் பதில் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் எல்லோரும் முகம் பார்த்துப் பேசிய ஒரே மனிதர் அவர்தான்.

மூத்த மருமகள்:
எனக்குப் பள்ளிக்கூட வேலை, காலை ஏழு மணி பஸ். மாமா ஓய்வு பெற்றிருந்தார். என் மகளுக்குத் தலைவாரிப் பின்னும் வேலையை, யாரும் சொல்லாமல், அவரே எடுத்துக்கொண்டார். ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கைத்தான் தொழிலாளிகள் ஒரு நூல் என்பார்கள். மாமாவுக்கு வகிடும் அந்தக் கணக்குதான். ஒரு நூல் கோணினாலும் கலைத்துவிட்டு மறுபடி எடுப்பார். விரல்களெல்லாம் பழைய தீக்காய வடு, தோல் காய்ப்பேறியிருக்கும். சிக்கு இழுத்து அவள் முனகினால் அவருக்குக் கேட்காது. அதனால் அவளைக் கண்ணாடி முன் உட்காரவைத்து, முகம் சுளிக்கிறாளா என்று பார்த்துக்கொண்டே பின்னுவார். சுளித்தால் உடனே சீப்பு நிற்கும். மாமனார் இப்படிச் செய்து எங்கள் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை. என் அம்மாவுக்கு முதலில் கூச்சமாகவே இருந்தது. பிறகு அம்மாவே ரிப்பன் வாங்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்.

மூத்த மகன்:
1974 மே 8 முதல் 27 வரை நாடு முழுவதும் ரயில்வே வேலைநிறுத்தம். அப்பாவும் இறங்கினார். கைது செய்கிறார்கள் என்ற பேச்சு இருந்ததால் இரவில் வீட்டில் படுக்கமாட்டார். சம்பளமும் இல்லை. எங்கள் மளிகைக்கடைக்காரர் கேட்காமலே அரிசியும் பருப்பும் அளந்துபோட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். அந்தப் பாக்கி தீபாவளிக்குள் தீர்ந்துவிட்டது. அப்பாவுக்கு மட்டும் தீரவில்லை. அதன் பிறகு வேறெங்கே விலை மலிந்தாலும் எங்களுக்கு அந்தக் கடைதான்.

மகள்:
அண்ணன் சொல்வது சரி. அந்த அரிசியில் கல் பொறுக்கியவள் நான் அல்லவா! அம்மா ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "வேறு கடை பார்த்தால் என்ன குறைந்துவிடும்?" என்று கேட்டார். அப்பா பதிலே சொல்லவில்லை. (காது மந்தம் சில நேரம் அவருக்கு வசதியாகவும் இருந்தது.) மறுநாள் முறத்தைத் தன் பக்கம் இழுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அன்றோடு கல் பொறுக்கும் வேலை அவருடையதாயிற்று. மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு கல்லும் தப்பாமல்.

அவரிடம் தொழில் பழகியவன்:
உறவினர் இல்லை, ஆனாலும் எழுதுகிறேன். அப்ரென்டிஸாகச் சேர்ந்த புதிதில் எனக்கு அரம்தான் வேலை. ராவிக் கொடுத்த இரும்புத் துண்டில், செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்தை வைத்து ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். இடுக்கில் வெளிச்சம் கசிந்தால் திருப்பித் தருவார். திட்டமாட்டார். மதியம் அவர் தூக்குச்சட்டியில் எனக்கும் பங்கு உண்டு.

சின்னப் பேத்தி:
தாத்தாவின் ரயில்வே பாஸில் எல்லோரும் மேட்டுப்பாளையம் போய் மலை ரயில் ஏறினோமே, அதை யாரும் எழுதவில்லையா? கல்லாறு தாண்டினால் தண்டவாளத்தின் நடுவே இருக்கும் பற்களைக் கவ்விக்கொண்டு, எஞ்சின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளியபடி ஏறும். நாங்கள் காட்டைப் பார்த்தோம். தாத்தாவுக்குக் காடு எதற்கு? ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க வண்டி நின்றதும் இறங்கி எஞ்சினிடம் போய்விட்டார். அந்த எஞ்சின்கள் பழுதுபார்க்கப் பொன்மலைக்குத்தான் வரும். டிரைவரிடம் இரைந்து ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். விசில் ஊதியது, அவருக்குக் கேட்கவில்லை. பாட்டி ஜன்னலில் கத்தினார், அதுவும் கேட்கவில்லை. கடைசியில் ஃபயர்மேன்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்து பெட்டியில் ஏற்றினார். பாட்டி குன்னூர் வரை அவரோடு பேசவில்லை. அவரோ பாய்லரில் எந்தெந்தத் தகட்டை மாற்றியிருக்கிறார்கள் என்று எதிர் இருக்கையில் இருந்த மும்பைக் குடும்பத்துக்குத் தமிழிலேயே விளக்கிக்கொண்டு வந்தார். அவர்களும் தலையாட்டிக் கேட்டார்கள்.