வாச்சாத்தி: சங்கம் இல்லாமல் சட்டம் வந்திருக்குமா?

மலையரசன்:
வாச்சாத்தி தீர்ப்பை மக்கள் போராட்டத்தின் வெற்றி என்று எல்லோரும் கொண்டாடுகிறீர்கள். சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை ஆட்கள் தர்மபுரி மாவட்டத்துப் பழங்குடி ஊரான வாச்சாத்திக்குள் புகுந்தது 1992 ஜூன் 20. 18 பெண்களை வன்புணர்வு செய்தார்கள், வீடுகளைச் சூறையாடினார்கள். தர்மபுரி நீதிமன்றம் 269 பேரும் குற்றவாளிகள் என்றது 2011 செப்டம்பர் 29இல். அதற்குள் 54 பேர் இறந்தே போனார்கள். தண்டிக்கப்பட்டவர்களின் மேல்முறையீடு சென்னை உயர் நீதிமன்றத்தில் தள்ளுபடியானது 2023இல். 31 வருஷம்! இதை வெற்றி என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

தேன்மொழி:
தாமதம் கொடுமைதான். ஆனால் வழக்கு என்று ஒன்று எப்படி வந்தது என்பதையும் பாருங்கள். பெண்கள் கைக்குழந்தைகளோடு சேலம் சிறையில் இருந்தார்கள், அதுவும் சந்தனக் கடத்தல் வழக்கில். தப்பியவர்கள் மலைக்காட்டில் ஒளிந்து கிடந்தார்கள். புகார் கொடுக்க ஊரில் யார் மிச்சம்? அடித்தவர்களே போலீஸ்காரர்கள் எனும்போது எந்த ஸ்டேஷனுக்குப் போவது? மலைவாழ் மக்கள் சங்கத்தார் நேரில் போய்ப் பார்த்ததால்தான் விஷயம் வெளியே வந்தது. மார்க்சிஸ்ட் கட்சியின் அ. நல்லசிவன் உச்ச நீதிமன்றம் போனார். பிறகு சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்து 1995இல் சிபிஐ விசாரணை வந்தது. அத்தனை வருஷமும் சாட்சிகள் பிறழாமல் நின்றார்களே, பக்கத்தில் ஆள் இல்லாமல் அது நடக்குமா?

அரூர் வாசகன்:
அது அந்தக் காலம். இப்போது சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பே பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும். இன்னும் கட்சியையும் சங்கத்தையும் நம்பி இருக்க வேண்டுமா?

தேன்மொழி:
அந்த ஆணைக்குழுவுக்கான சட்டம் 1987இல் இயற்றப்பட்டு 1995 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. வாச்சாத்திப் பெண்களுக்கு அன்று அது இல்லை. இன்றும் வக்கீல் வேண்டும் என்று யாராவது போய்க் கேட்டால்தானே கிடைக்கும்? பயந்து கிடக்கிற ஊரிலிருந்து அந்த மனுவை எழுதி எடுத்துப் போவது யார்?

மலையரசன்:
நான் கேட்பதும் அதுதான். சங்கம் இல்லாத ஊருக்கு என்ன வழி? 18 பேருக்கும் தலா 10 லட்சம் கொடுக்கச் சொன்ன உயர் நீதிமன்றம், அப்போதைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அலுவலர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. மேலே இருந்தவர்களைத் தொட 2023 வரை ஆனது. சங்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு கைது நடந்த அன்றே சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் ஆள் தானாக மலையேறிப் போக வேண்டும், யாரும் மனு கொடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது. சங்கங்கள் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.