வட்ட நுனி இலை போதுமா? கெம்போஜா (புளுமேரியா பூமரம்) வாங்கப் போறவங்களுக்கு

செந்தூல்காரன்:
நேத்து இங்க ஒருத்தர் எழுதியிருந்தார்: "எந்தக் கெம்போஜாவும் ஒண்ணுதான், கலரைப் பார்த்து வாங்குங்க"ன்னு. இந்தப் பேச்சைக் கேட்டுத்தான் பல வீட்டு வாசல்ல அழுகின குச்சி நிக்குது! சிவப்பும் மஞ்சளும் பெரும்பாலும் ரூப்ராங்கிற இனம். கோலாலம்பூர்ல அக்டோபர், நவம்பர் மழை அடிச்சா இலைக்கு அடியில ஆரஞ்சுப் பொடி மாதிரித் துருங்கிற பூஞ்சை நோய் பிடிச்சு இலை கொட்டிடும். ஒப்டுசாங்கிற வெள்ளை இனம் வைங்க, வருஷம் முழுக்க இலை நிக்கும். அடையாளம் சுலபம்: இலை நுனி வட்டமா இருந்தா ஒப்டுசா, கூரா இருந்தா ரூப்ரா. அவ்வளவுதான்.

பாலிக் பூலாவ் தோட்டம்:
அவ்வளவுதான் இல்லை தம்பி. ரெண்டும் கலந்த செடிங்க நர்சரியில நிறைய. நுனி மழுங்கி இருக்கும், பூ ரோஸா வரும், மழைக்குத் துருவும் பிடிக்கும். நுனியை விட்டுட்டு இலையைத் தடவிப் பாருங்க. ஒப்டுசா இலை கரும்பச்சை, பளபளப்பு, தோல் மாதிரித் தடிப்பு. ரூப்ரா இலை மங்கல், மெலிசு. பூ இருந்தா இன்னும் நல்லது: ஒப்டுசாவுக்கு வெள்ளை நடுவுல சின்ன மஞ்சள் பொட்டுதான். வெள்ளை ரூப்ராவுக்கு அந்த மஞ்சள் நல்லாப் பரவி இருக்கும்.

செந்தூல்காரன்:
தாவரவியலாளர் லின்னேயஸ் 1753லயே ஒப்டுசான்னு பேர் வச்சார். மழுங்கினதுன்னு அர்த்தம். அவரை விட உங்களுக்குத் தெரியுமோ? நுனி வட்டம்னா ஒப்டுசா.

பாலிக் பூலாவ் தோட்டம்:
லின்னேயஸ் பேர் வச்சது நர்சரிக்காரன் கலந்து விட்ட செடிக்கு இல்லையே. விதையில முளைச்ச கன்னு தாய் மாதிரி வராது, நாலஞ்சு வருஷம் கழிச்சுத்தான் பூ நிறமே தெரியும். ரூப்ரா ஆகாதுன்னு சொன்னதும் தப்பு. பினாங்குல டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை மழை குறையும். அப்ப இலையை உதிர்த்துட்டு, அப்புறம் மொட்டுக் கொத்தோட எழும்பும். உதிர்றது நோய் இல்லை, அது மரத்தோட குணம்.

செராஸ் அக்கா:
நுனிச் சண்டையை விடுங்கப்பா. தெரேஸ் (வரிசை) வீட்டு முன்னால இடம் ஒடுங்கல். புடிகாங்கிற கெம்போஜா இனம் வைக்கலாமா? கரண்டி மாதிரி இலை உள்ளது.

பாலிக் பூலாவ் தோட்டம்:
வைக்கலாம் அக்கா. நிமிர்ந்து வளரும், வெள்ளைப் பூ கொத்துக் கொத்தா வரும். வாசம் மட்டும் கிடையாது, விக்கிறவங்க அதைச் சொல்ல மாட்டாங்க. ஒப்டுசான்னா சுவரையும் லோங்காங்கையும் (சாக்கடை) விட்டு 2 மீட்டராவது தள்ளி வைங்க, கிளை படரும்.

எதை வச்சாலும் குச்சிதான் முக்கியம். சாம்பல் நிறத் தோல் ஏறின கிளையில 30 முதல் 45 செ.மீ. வெட்டணும். பச்சைக் கொழுந்துக் குச்சி சுருங்கிப் போகும். இலையைக் கிள்ளிட்டு, மழை படாத நிழல்ல ரெண்டு வாரம் போடுங்க. வெட்டின இடம் காய்ஞ்சு கெட்டியாகணும். பால் ஈரத்தோட நட்டா அடியிலிருந்து அழுகும். சாடியில பாதி கரடு மணல், பாதி கருக்கிய உமியும் மண்ணும். 8 முதல் 10 செ.மீ. ஆழம் போதும். ரெண்டு இலை விரியிற வரைக்கும் தண்ணி ஊத்தாதீங்க. அடித்தண்டை விரலால அமுக்கினா மெத்துன்னு இருக்கா? பிடுங்கி, பழுப்பு தீர்ந்து வெள்ளைக் கட்டை தெரியிற வரைக்கும் வெட்டி மறுபடி காய வைக்கணும்.

ஜெலுத்தோங்:
வீட்டு வாசல்ல கல்லறைப் பூவா? பெரியவங்க ஒத்துக்க மாட்டாங்க. தமிழ்ல பேரே கிடையாது அதுக்கு.

செராஸ் அக்கா:
ஏன் இல்லை? ஈழத்தலரி. மெக்சிகோ, கரீபியன் பக்கத்து மரம் அது. இந்த ஊர்க் கல்லறையில நட்டா மரத்து மேலயா பழி?

ஜெலுத்தோங்:
அலரின்னா செவ்வரளி அக்கா. அது வேற செடி.

பாலிக் பூலாவ் தோட்டம்:
செவ்வரளி வேற செடிதான், குடும்பம் ஒண்ணு. ரெண்டுலயும் பால் உண்டு, கண்ணுல பட்டா எரியும். வெட்டும்போது கையுறை போடுங்க. உரத்துல தழைச்சத்து ஏறினா இலைதான் கொழுக்கும். அதனால தழை, மணி, சாம்பல் சத்து 12-12-17 உள்ள நீல உரம், பெரிய சாடிக்கு மாசம் ஒரு மேசைக்கரண்டி.

செந்தூல்காரன்:
உரம், குச்சின்னு பேச்சை மாத்திட்டீங்க. கேட்டது ஒண்ணு: நுனி வட்டமா, கூரா?

பாலிக் பூலாவ் தோட்டம்:
இதுக்குப் பதில் சொல்லியாச்சு. இலையைத் திருப்பி அடியில ஆரஞ்சுப் புள்ளி இருக்கான்னு பாருங்க. இருந்தா, நுனி வட்டமா இருந்தாலும் அந்தச் சாடியைத் தூக்காதீங்க.

செந்தூல்காரன்:
நுனி வட்டம்னா ஒப்டுசாதான். நான் மாத்திக்கப் போறதில்லை.