கொழும்புக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது, ஞாயிறுக்குள்ள பதில் சொல்லணுமாம், ப்ளீஸ் உதவுங்க

புதுசா_வந்தவ:
எல்லாருக்கும் வணக்கம். நாகர்கோவில்ல இருந்து வேலைக்காக இங்க வந்திருக்கேன், யாரையும் தெரியாது. ஆபீஸ்ல ஒரு அக்கா அவங்க சர்ச் வாலிபர் ஐக்கியத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க, சனிக்கிழமை சாயந்திரம் பாட்டு, ஜெபம், அப்புறம் எல்லாரும் சேர்ந்து கொத்து ரொட்டி சாப்பிடப் போறது, ரொம்ப நல்லா பழகுறாங்க, உண்மைய சொன்னா அந்த ஒரு நாளுக்காகத்தான் மத்த நாளெல்லாம் ஓட்டுறேன். இப்ப அவங்க ஒண்ணு கேக்குறாங்க, ஞாயிறுக்குள்ள சொல்லணுமாம். மாட்டேன்னா ஒதுக்கிருவாங்களோன்னு பயமா இருக்கு. அம்மாகிட்டயும் சொல்ல முடியல. என்ன பண்றது?

வெள்ளவத்தை_அண்ணா:
தங்கச்சி முதல்ல எந்தப் பக்கம் இருக்கிறீங்கள்? கோல் றோட் (காலி வீதி) எண்டால் யோசிக்கவே தேவையில்லை, 100, 101 பஸ் ஓடிக்கொண்டே இருக்கும். நான் யாழ்ப்பாணத்தில இருந்து வந்த புதுசில அறைக்காரர் ஒரு வருச அட்வான்ஸ் கேட்டவர், கட்டிப்போட்டு மாசக் கடைசியில பாணும் சம்பலும்தான். அப்ப கோயில் பக்கமே போகேல்ல, ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம். இப்பத்தைப் பிள்ளையளுக்கு கூட்டிக்கொண்டு போக ஆள் இருக்கு, அதுவே பெரிய விசயம்.

சென்னை_டு_கொழும்பு:
காசுதானே கேக்குறாங்க? தசமபாகம்னு சொல்லி சம்பளத்துல பத்துல ஒண்ணு கேட்டா முதல் மூணு மாசம் கொடுக்காதீங்க சிஸ்டர், இங்க ஒருத்தர் செலவுக்கே சரியா போயிடும். எனக்கு வந்த புதுசுல கூட்டமே பிடிக்கல, ஒரு வரி சிங்களத்துல சொல்லி அதையே தமிழ்ல ஒருத்தர் சொல்லி, அரை மணி நேரப் பிரசங்கம் ஒரு மணி நேரம் ஆகும், பாட்டு பூரா இங்கிலீஷ்.

கொட்டாஞ்சேனை_பொடியன்:
எனக்கென்னமோ கல்யாணப் பேச்சு மாதிரி தெரியுது 😅
அதெல்லாம் வேணாம் அக்கா, செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு வாங்க, கத்தோலிக்கக் கோயில்தான். சைவ ஆக்கள், சிங்கள ஆக்கள் எல்லாம் வருவாங்க, நீ என்ன சபைன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. பெரிய பை மட்டும் கொண்டு வராதீங்க. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு எங்க போனாலும் புது முகம்னா வாசல்ல கேள்வி இருக்கும், அதை மனசுல வச்சுக்காதீங்க. பாஸ்போர்ட் கொப்பி ஒண்டு போன்ல இருந்தா நல்லம்.

வெள்ளவத்தை_அண்ணா:
தம்பி, அவ ஐக்கியம் எண்டு சொல்லுறா, நீ அந்தோனியாரிட்ட அனுப்புறாய்.

ஓய்வு_பெற்ற_மாஸ்டர்:
இந்தக் காலத்து வாலிபர் கூட்டத்தில் டிரம்ஸும் லைட்டும்தான் இருக்கு. 1966 தொடக்கம் 71 வரைக்கும் இந்த நாட்டில ஞாயிறு லீவே இல்லை, போயா (பௌர்ணமி மாதிரி நிலா நாள்)தான் லீவு. வேலைக்குப் போற ஆக்கள் விடியக் காலமை ஆராதனை முடிச்சிட்டு கந்தோருக்கு ஓடினவங்கள். இப்ப போயா வந்தா கேம்ப், பிக்னிக். 2012 கணக்கெடுப்பில கத்தோலிக்கர் 6.2 வீதம், மற்ற சபைகள் எல்லாம் சேர்த்தும் 1.4 வீதம், அதுக்குள்ள ஆளை ஆள் இழுக்கிறதுதான் நடக்குது.

சென்னை_டு_கொழும்பு:
கேம்ப்ல என்ன சார் தப்பு? எனக்கு இங்க இருக்கிற நாலு ஃப்ரெண்டும் போயா கேம்ப்ல கிடைச்சவங்கதான்.

மட்டக்குளி_அக்கா:
எல்லாரும் கொஞ்சம் நில்லுங்க. தங்கச்சி, அவங்க கேட்டது என்ன? காசா, கல்யாணமா, வேற ஏதாவதா? ஊர்ல நீங்க எந்த சபை? இப்ப எங்க தங்கியிருக்கீங்க? இது மூணும் தெரியாம நாங்க என்னத்த சொல்றது.

புதுசா_வந்தவ:
தெஹிவளைல இருக்கேன் அக்கா. ஊர்ல சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை). குழந்தையிலயே ஞானஸ்நானம், அப்புறம் வளர்ந்து அதை உறுதிப்படுத்துற திடப்படுத்தலும் ஆச்சு. இவங்க அதெல்லாம் வெறும் தண்ணி தெளிச்சது, முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தாதான் கணக்குன்னு சொல்றாங்க. அடுத்த ஞாயிறு எடுக்குறவங்க லிஸ்ட்ல என் பேரையும் எழுதிட்டாங்க.

சென்னை_டு_கொழும்பு:
ஓ அதுவா! எடுத்துருங்க சிஸ்டர், நானும் எடுத்தேன், பெரிய சந்தோஷம்.

ஓய்வு_பெற்ற_மாஸ்டர்:
கூடவே கூடாது. ஒருக்கா எடுத்தா எடுத்ததுதான். அம்மாவுக்குத் தெரியாம எடுத்திட்டு ஊருக்குப் போய் என்ன சொல்லப் போறீங்கள்?

மட்டக்குளி_அக்கா:
எடுக்கிறதா இல்லையான்னு தங்கச்சி முடிவெடுக்கட்டும், ஆனா ஞாயிறுக்குள்ள எடுக்கணும்னு ஒண்ணும் இல்ல. நீங்க சொல்றத பார்த்தா பெந்தெகொஸ்தே மாதிரி சபை போல, அந்த சபைகள்ல நாமளே விசுவாசிச்சு எடுக்கிற முழுக்குதான் ஞானஸ்நானம், குழந்தையில எடுத்ததை ஏத்துக்க மாட்டாங்க, அது அவங்க உபதேசம், உங்கள ஏமாத்துறாங்கன்னு அர்த்தமில்ல. தனியா இருக்கிற நேரம் கூட்டம் விட்டுப் போயிடுமோங்கிற பயத்துல எடுக்காதீங்க, அவ்வளவுதான்.

லீடரை தனியா பிடிச்சு, ஆபீஸ் அக்காவையும் பக்கத்துல வச்சுக்கிட்டு, பேரை இப்போதைக்கு எடுத்துடுங்க, யோசிக்கணும்னு சொல்லுங்க. எடுக்காதவங்க சனிக்கிழமை வரலாமான்னு நேரா கேளுங்க. வரலாம்னா எப்பவும் போல போங்க, கொத்து ரொட்டியும் சாப்பிடுங்க. முகத்த திருப்பினாங்கன்னா அதுவும் உங்களுக்குத் தெரிய வேண்டிய விசயம்தானே.

இன்னொண்ணு. சிஎஸ்ஐ 1947ல சேர்ந்ததே ஆங்கிலிக்கன், மெதடிஸ்த, வேற சபைகள் எல்லாம் ஒண்ணாகித்தான், யாழ்ப்பாணத்துலயும் அதுக்கு ஒரு ஆதீனம் (திருமண்டலம்) இருக்கு. அதனால இங்க ஆங்கிலிக்கன் சபையான இலங்கைத் திருச்சபையிலயோ மெதடிஸ்த சபையிலயோ நீங்க அந்நிய ஆள் இல்ல, திருவிருந்துக்கும் போகலாம். உங்களுக்குக் கிட்ட வெள்ளவத்தை மெதடிஸ்த கோயில் இருக்கு. ஒரே கோயில்ல சிங்களம், இங்கிலீஷ், தமிழ்னு ஆராதனை வேற வேற நேரத்துல நடக்கும், கோல் பண்ணி தமிழ் எத்தனை மணிக்குன்னு கேட்டுட்டுப் போங்க, வாலிபர் எப்ப கூடுறாங்கன்னும் கேளுங்க. ஊர் சபை ஐயர்கிட்ட (போதகர்) அங்கத்தினர் கடிதம் ஒண்ணு ஸ்கேன் பண்ணி வாட்ஸப்ல அனுப்பச் சொல்லுங்க.

அம்மாகிட்ட இன்னைக்கு ராத்திரியே பேசுங்க.

புதுசா_வந்தவ:
அக்கா லீடர் அண்ணாவுக்கு மெசேஜ் போட்டுட்டேன், நாளைக்கு ஆபீஸ் முடிஞ்சு பேசலாம்னு சொல்லியிருக்காங்க. கோவமா இருக்குற மாதிரி தெரியல. அம்மா ஐயர் நம்பர் அனுப்பிட்டாங்க. தெஹிவளைல இருந்து வெள்ளவத்தைக்கு 100 ஏறினா போதுமா?

வெள்ளவத்தை_அண்ணா:
100ம் போகும், 101ம் போகும். கோட்டைப் பக்கம் போற பஸ்ஸில ஏறுங்கோ, மற்றப் பக்கம் ஏறினா பாணந்துறையில போய்த்தான் இறங்குவீங்கள்.