மறு: பிளாட்ஃபார்முக்கு "தளம்" போதுமா?

எல்லாருக்கும் வணக்கம்,

பிளாட்ஃபார்ம்ங்கற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ல தளம்னே வச்சுக்கலாமா, வேற சொல் வேணுமான்னு மூணு நாளா இந்த இழையில வர்ற மடல் அத்தனையும் படிச்சுட்டுதான் இருக்கேன், வேலை நெருக்கடியில உடனே பதில் போட முடியல, மன்னிக்கணும். இப்ப கொஞ்சம் விரிவாவே எழுதிடறேன்.

இந்தச் சிக்கல் எனக்கு எங்க இடிச்சுதுன்னு முதல்ல சொல்லிடறேன். சமூக வலைத்தளங்களை நம்பித் தொழில் பண்றவங்களுக்கான கையேடு ஒண்ணைத் தமிழ்ப்படுத்திக்கிட்டு இருக்கேன். அதுல ஒரு வரி, முடிச்சுட்டுத் திருப்பிப் படிச்சா இப்படி நிக்குது: "இத்தளம் ஒரு வலைத்தளமாகத் தொடங்கிப் பின்னர் எல்லா இயங்குதளங்களிலும் செயல்படும் தளமாக வளர்ந்தது." ஒரே வரியில நாலு தளம். முதல் ரெண்டும் வெப்சைட், மூணாவது ஆப்பரேட்டிங் சிஸ்டம், கடைசியா வர்றதுதான் பிளாட்ஃபார்ம். அந்த வரியோட உயிரே கடைசிச் சொல்லுலதான் இருக்கு, படிக்கிறவங்களுக்கு அதுதான் ஒண்ணுமே சொல்லாமப் போகுது. வெப்சைட்டா இருந்தது வெப்சைட்டா வளர்ந்துச்சாம், அப்படித்தான் புரியும்.

> தளம் என்பதே பொதுவழக்கில் நிலைத்துவிட்டது. நிலைத்த சொல்லை அசைப்பது நல்லதல்ல.

ஐயா, நிலைச்ச சொல்லை அசைக்கக் கூடாதுங்கறதை நானும் ஏத்துக்கறேன், இணையம், மின்னஞ்சல், உலாவி எதையும் நான் தொடமாட்டேன். ஆனா தளம் நிலைச்சது சைட்டுங்கற பொருள்லதானே. பிளாட்ஃபார்முக்கு அதையே நீட்டி வச்சோம், அவ்வளவுதான். ரெண்டும் ஒண்ணா இருந்தாப் பரவாயில்ல, ஒண்ணு இல்லையே. 2007 மே 24ஆம் தேதி வரைக்கும் ஃபேஸ்புக் ஒரு சைட்டு, நாம போவோம், எழுதுவோம், படம் போடுவோம், வருவோம். அன்னைக்குத்தான் வெளி ஆளுங்க அதுக்குள்ளயே தங்களோட செயலிகளைக் கட்டிக்கலாம்னு கதவைத் திறந்தாங்க, அதுக்கப்புறம் அது வேற பொருள் ஆயிடுச்சு. அதுக்குள்ள வளர்ந்த ஜிங்கா, ஃபார்ம்வில் விளையாட்டு பண்ணினாங்களே அவங்க, 2011ல ஃபேஸ்புக்கோட மொத்த வருமானத்துல 12 சதவீதம் அவங்க வழியா வந்துச்சுன்னு ஃபேஸ்புக்கே பங்கு வெளியீட்டுக்குக் கொடுத்த ஆவணத்துல எழுதியிருக்கு. அதே வருஷம் ஜூலையிலேர்ந்து விளையாட்டுக்குள்ள நடந்த பணப் பரிமாற்றமெல்லாம் கிரெடிட்ஸ்ங்கற ஃபேஸ்புக்கோட சொந்த இணையக் காசு வழியாத்தான் நடக்கணும்னு ஆச்சு, அதுல 30 சதவீதம் ஃபேஸ்புக்குக்கு. அதே 30 சதவீதத்தை ஆப்பிள் 2008 ஜூலையில ஆப் ஸ்டோர் திறந்த நாள்லேர்ந்தே எடுத்துக்கிட்டு இருந்துச்சு, சின்ன நிறுவனங்களுக்கு 15ஆ குறைச்சது 2021லதான். இப்ப சொல்லுங்க, ஒருத்தரோட இடம், அதுல இன்னொருத்தரோட உழைப்பு, நடுவுல ஒரு பங்கு, மேல ஒரு விதி, இந்த நாலும் சேர்ந்த பொருளைத் தளம்னு சொன்னா எது தெரியுது? கால் வைக்கிற தரைன்னு மட்டும்தான் தெரியுது.

> "மேடை" வைக்கலாமே, நடைமேடை ஏற்கெனவே இருக்கிறது.

ரயில்வேக்கு அது சரிதான். ஆனா மேடைன்னா ஏறினவர் பேசுவார், கீழ இருக்கறவங்க பார்ப்பாங்க. இங்க கதையே தலைகீழ், வெளியிலேர்ந்து வந்தவங்கதான் பேசறாங்க, செய்யறாங்க, விக்கறாங்க, இடத்துக்காரர் பேசறதே இல்ல, கணக்கு மட்டும் பார்க்கறார்.

இன்னொரு நண்பர் திண்ணைன்னு எழுதியிருந்தார். அழகான சொல், படிச்சதும் மனசு அதுமேல போய் உக்காந்துடுச்சு. ஆனா திண்ணையில உக்காந்தவங்ககிட்ட வீட்டுக்காரர் பங்கு கேக்கமாட்டார். உபசாரம் இருக்கற இடத்தோட பேரை வாடகை இருக்கற இடத்துக்கு வைக்கறது தப்பான நம்பிக்கையைக் கொடுத்துடும்னு எனக்குப் படுது.

நான் முன்வைக்கிற சொல் களம்.

நெல்லடிக்கிற களம், போர்க்களம், ஆடுகளம், மூணுலயும் பொதுவா ஒண்ணு இருக்கு பாருங்க. களம் தானா எதையும் விளைவிக்காது, பல பேர் வந்து சேர்ந்தாத்தான் அது களம், இல்லேன்னா வெறும் பொட்டல். கதிரைக் கொண்டுவந்து போடறவர் ஒருத்தர், களம் இன்னொருத்தரோடதா இருக்கலாம், அடிச்சுத் தூத்தி அளக்கறப்பதான் யாருக்கு எவ்வளவுன்னு தெரியும். போட்டி, விதி, தோக்கறது, ஜெயிக்கறது எல்லாம் இந்த ஒரு சொல்லுக்குள்ளயே இருக்கு. "களத்துல இறங்கிட்டான்"னு சொன்னா யாருக்கும் விளக்கம் வேண்டாம்.

இதை எதுல உரசிப் பார்த்தேன்னா, ட்விட்டரிஃபிக் கதையில. தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். ட்விட்டர் 2006ல வந்துச்சு, அதே வருஷம் வெளி நிரலாளர்களுக்கு ஏபிஐ, அதாவது அவங்க செயலி ட்விட்டரோட பேசிக்கறதுக்கான வழி, குடுத்தாங்க. 2007 ஜனவரியில ஐகான்ஃபேக்டரிங்கற சின்ன நிறுவனம் மேக் கணினிக்கு ட்விட்டரிஃபிக்னு ஒரு செயலி பண்ணுச்சு. அந்தக் குருவிப் படத்தை அடையாளமா முதல்ல வச்சது ட்விட்டர் இல்ல, இவங்க. பதிவுக்கு "ட்வீட்"ங்கற பேரும் முதல்ல வந்தது இவங்க செயலியிலதான். ஹேஷ்டேகை 2007 ஆகஸ்ட்ல முன்மொழிஞ்சது கிறிஸ் மெஸ்ஸினாங்கற பயனர், அவரும் ட்விட்டர் ஊழியர் இல்ல. திரையைக் கீழ இழுத்துவிட்டா புதுசு வருமே, இன்னைக்கு நம்ம கை பழகிப்போன அந்த இழுப்பு, அது ட்வீட்டிங்கற வெளிச்செயலியில லோரன் பிரிக்டர் பண்ணினது, 2010ல ட்விட்டர் அந்தச் செயலியையே வாங்கிடுச்சு. அதாவது குருவி, பேரு, ஹேஷ்டேக், இழுப்பு எல்லாமே வெளியிலேர்ந்து வந்தவங்க கொண்டுவந்து போட்ட கதிர். 2012ல வெளிச்செயலிகளுக்குப் பயனர் வரம்பு வந்துச்சு. 2023 ஜனவரியில ஒரு நாள் ட்விட்டரிஃபிக், ட்வீட்பாட் மாதிரி வெளிச்செயலிகள் எல்லாம் முன்னறிவிப்பே இல்லாம நின்னு போச்சு, ஒரு வாரம் கழிச்சுத்தான் அந்த மாதிரி செயலிகள் கூடாதுன்னு ட்விட்டர் விதியை மாத்தி எழுதுச்சு. பதினாறு வருஷ உழைப்பு. அதே வருஷம் ஜூன் 30ஆம் தேதி ரெட்டிட்டுங்கற விவாத வலைத்தளத்துக்கு வெளி ஆள் ஒருத்தர் எழுதின அப்போலோ செயலியும் மூடிடுச்சு, ஏபிஐக்கு வச்ச புது விலையில வருஷத்துக்கு 2 கோடி டாலர் கட்டணும்னு கணக்குப் போட்டு அதை எழுதினவர் கையைத் தூக்கிட்டார்.

இந்தக் கதையைத் தளம்னு போட்டு எழுதிப் பாருங்க, "தளத்திலிருந்து செயலிகள் நீக்கப்பட்டன", ஏதோ சுத்தம் பண்ணின மாதிரி இருக்கு. "களத்தை மூடிட்டாங்க"ன்னா வலி தெரியுது. கலைச்சொல்லுக்கு வலி எதுக்குன்னு கேக்கலாம், ஆனா தொழில் தொடங்கப் போற ஒருத்தர் தமிழ்ல படிச்சு முடிவெடுக்கறப்ப இடம் தன்னோடது இல்லங்கறது சொல்லுலயே தெரியணும்னு நான் ஆசைப்படறேன். எனக்கும் பட்ட அனுபவம் உண்டு. தினம் ஒரு பழைய தமிழ்ச் சொல்லைப் பொருளோட பதியற சின்ன நிரல் ஒண்ணு ஒரு வலைத்தளத்துல ஓடவிட்டிருந்தேன், காலையில ஆறு மணிக்குப் பதிஞ்சுடும், கொஞ்சம் பேர் அதுக்காகவே காத்திருந்தாங்க. ஒரு நாள் பதிவு வரல. பதிவேட்டைத் திறந்து பார்த்தா 403ன்னு ஒரே வரி, உள்ள வர அனுமதி இல்லன்னு அர்த்தம். ஏன்னு கேட்டு எழுதின மடலுக்குப் பதில் இல்ல. நிரல்ல ஒரு எழுத்து நான் மாத்தல.

> தளம் – களம் ஓரெழுத்து வேறுபாடு. தட்டச்சிலும் பேச்சிலும் குழப்பம் வரும்.

இது உண்மையான குறை, மழுப்ப விரும்பல. அச்சுல பிழை திருத்தறவங்களுக்கே கண் ஏமாறும். சத்தமா படிச்சுக் காட்டறப்ப இன்னும் மோசம், ஒரே வாக்கியத்துல ரெண்டும் வந்தா கேக்கறவங்க ஒண்ணைத்தான் புடிப்பாங்க. ஒரு வழி இருக்கு, சைட்டு வர்ற இடத்துல எல்லாம் முழுசா வலைத்தளம்னே எழுதிட்டு, வெறும் தளத்தை விட்டுடறது. நான் கையேட்டுல அப்படித்தான் பண்ணிப் பார்த்துக்கிட்டு இருக்கேன். அந்த நாலு தள வரி இப்ப இப்படி ஆகுது: "வலைத்தளமாகத் தொடங்கியது, பிறர் வந்து தொழில் செய்யும் களமாக வளர்ந்தது." இயங்குதளம் அந்த வரிக்குத் தேவையே படல, அடுத்த வரிக்குத் தள்ளிட்டேன்.

கருத்துக்களம்னு ஃபோரத்துக்கு வச்சிருக்கோமே, அது மோதாதான்னு ஒருத்தர் கேட்டிருந்தார். மோதாது, முன்னாடி கருத்து ஒட்டியிருக்கு. களப்பணி, கள ஆய்வும் அப்படித்தான், இடம் பார்த்துப் புரியும்.

கூட்டுச்சொல்லும் நல்லா வருது. பிளாட்ஃபார்ம் நடத்தறவர் களக்காரர், அவர் வைக்கறது களவிதி, எடுத்துக்கற சதவீதம் களப்பங்கு. வெறும் சைட்டு பிளாட்ஃபார்மா மாறறது களமாக்கம். வெளி நிரலாளருக்கு மட்டும் நல்லதா ஒண்ணும் சிக்கல, "களநிரலர்"னு போட்டுப் பார்த்தேன், நாக்குல ஒட்டல. ஏபிஐக்கு இப்ப இருக்கற "செயலி நிரலாக்க இடைமுகம்" யாராவது ஒரு தடவையாவது முழுசா வாயால சொல்லியிருக்கீங்களா? நான் "வாசல்"னே எழுதிக்கிட்டு இருக்கேன், வாசலைத் திறந்தாங்க, வாசலை அடைச்சாங்கன்னு வாக்கியம் தானா வருது. ஆனா போர்ட்டலுக்கும் வாசல்னு எழுதறவங்க இருக்காங்க, அதனால இது தனி இழையில பேசவேண்டிய விஷயம், இங்க கலக்க வேண்டாம்.

கையேட்டோட மூணாவது அத்தியாயம் முழுக்கக் களம் போட்டு மாத்திட்டு வர்ற வாரம் குழுமக் கோப்புப் பகுதியில போடறேன். தளம்தான் வேணும்ங்கறவங்க அதுல ஒரு பக்கத்தை எடுத்துத் தளம்னு மாத்தி எழுதி இங்க அனுப்புங்க, பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிப்போம்.

அன்புடன்