கென்யா போக மஞ்சள் காய்ச்சல் ஊசி வேண்டுமா, வேண்டாமா? அவசரம்

சிறுத்தைவேகம்
வணக்கம். குடும்பத்தோடு கென்யா போகிறோம். விசா வந்துவிட்டது. "மஞ்சள் காய்ச்சல் ஊசியெல்லாம் கென்யாக்காரன் கேட்கவே மாட்டான் சார், நிம்மதியாகக் கிளம்புங்கள்" என்கிறார் ஏஜென்ட். ஆபீசில் ஒருவர், ஊசி இல்லாமல் போனால் ஏர்போர்ட்டிலேயே பிடித்து அடைத்துவிடுவார்கள் என்று பயமுறுத்துகிறார். யார் சொல்வது சரி? நாள் அதிகம் இல்லை, தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

பைமூட்டை
எந்த நாட்டு பாஸ்போர்ட்? எங்கிருந்து கிளம்புகிறீர்கள்? போகும் தேதி, திரும்பும் தேதி, நடுவில் விமானம் மாறும் ஊர், கூட வருகிறவர்களின் வயது, எல்லாம் வேண்டும். கென்யா மட்டும்தானா, பக்கத்து நாடு ஏதாவது உண்டா? இது தெரியாமல் சொன்னால் குத்துமதிப்பாகத்தான் இருக்கும்.

நாடோடி_2
நானும் கென்யாவில் மாரா சரணாலயம் போய் வந்தவன்தான். யாரும் எதையும் கேட்கவில்லை. துபாய் வழியாக வந்தால் இந்தியாவில் நீங்கள் துபாய்ப் பயணி, அவ்வளவுதான். ஆப்பிரிக்காவிலிருந்து நேராக இறங்குகிறவர்களைத்தான் பிடிப்பார்கள். வீணாக ஊசி குத்திக்கொண்டு காய்ச்சலில் படுக்காதீர்கள்.

எல்லைக்கோடு
மாதம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பழக்கமே யாருக்கும் இல்லை. சரி, மறுபடியும் ஓதுகிறேன். முதலில், கென்யாவுக்கு மட்டும் போகிறவருக்கு விசா என்பதே இப்போது கிடையாது. 2024 ஜனவரியிலிருந்து இ.டி.ஏ. என்ற முன் அனுமதிதான். உங்கள் கையில் இருப்பது என்ன தாள் என்று உங்களுக்கே தெரியவில்லை, ஊசிக்கு வந்துவிட்டீர்கள்.

இரண்டாவது, ஏஜென்ட் சொன்னது பாதி உண்மை. இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவரிடம் கென்யா இந்த ஊசி போட்ட சான்றிதழைக் கேட்பதில்லை. மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டிலிருந்து வருகிறவர்களிடம்தான் கேட்கும். இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் கென்யா இருக்கிறது. ஆகவே கேட்கப்போவது இந்தியா, நீங்கள் திரும்பி வரும்போது. சான்றிதழ் இல்லாவிட்டால் 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம். நாடோடி அவர்களின் துபாய்த் தத்துவத்தை யாரும் நம்ப வேண்டாம். கணக்கு நீங்கள் கடைசியாக ஏறிய விமானத்தில் இல்லை. கென்யாவை விட்டுக் கிளம்பி 6 நாளுக்குள் இந்தியாவில் இறங்குகிறீர்களா என்பதில் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் கென்யா முத்திரையை வைத்துக்கொண்டு துபாய்ப் பயணி என்று யாரிடம் சொல்வீர்கள்?

நாடோடி_2
என்னை யாரும் கேட்கவில்லை என்று சொன்னேன். நடந்ததைத்தானே சொன்னேன், சட்டம் சொல்லவில்லையே.

கடலோடி
கேட்காமல் விட்டது அதிர்ஷ்டம். கப்பலில் வேலை செய்கிறவன் நான், இந்தச் சான்றிதழான மஞ்சள் புத்தகம் இல்லாமல் எங்களை ஏற்றவே மாட்டார்கள். இன்னொன்று, உங்களை முதலில் நிறுத்தப்போவது இந்திய அதிகாரி இல்லை, திரும்பும் விமானத்தின் செக்-இன் கவுண்டர். எந்த நாட்டுக்குள் நுழைய என்ன தாள் வேண்டும் என்று சொல்லும் டிமாட்டிக் என்ற தொகுப்பை அவர்கள் திறந்து பார்ப்பார்கள். அதில் என்ன இருக்கிறதோ அதுதான் அவர்களுக்கு வேதம். நைரோபியில் நின்று ஏஜென்ட்டுக்கு போன் போட்டு ஒன்றும் ஆகாது.

சிறுத்தைவேகம்
அனைவருக்கும் நன்றி. இந்திய பாஸ்போர்ட். 12-ஆம் தேதி கிளம்புகிறோம், 23 திரும்புகிறோம், துபாய் வழி. ஏஜென்ட் அனுப்பியதில் இ.டி.ஏ. என்றுதான் இருக்கிறது, நான்தான் விசா என்று சொல்லிவிட்டேன். இன்று 2-ஆம் தேதி. ஊசி போட்டால் உடனே செல்லுமா?

பைமூட்டை
உடனே செல்லாது. போட்ட நாளிலிருந்து 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் உயிர் பெறும். ஆனால் உங்களுக்கு இது பிரச்சினையே இல்லை. சான்றிதழ் வேண்டியது இந்தியாவில் இறங்கும்போது, அதாவது 23-ஆம் தேதி. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் போட்டால்கூட அதற்குள் 10 நாள் ஓடிவிடும். நிறையப் பேர் கிளம்பும் தேதியிலிருந்து எண்ணிப் பார்த்துவிட்டுப் பயணத்தையே ரத்து செய்கிறார்கள்.

உடம்புக்கு என்று பார்த்தால் முன்னாலேயே போடுவதுதான் நல்லது. ஏனென்றால் பாதுகாப்பும் அந்த 10 நாளில்தான் உண்டாகிறது. நான் சொல்வது தாள் கணக்கு மட்டும்.

எங்கே போடுவது என்று அடுத்துக் கேட்பீர்கள். வீட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரியில் போட்டால் செல்லாது. மத்திய அரசு அங்கீகரித்த மையங்களில்தான் போட வேண்டும். தமிழ்நாடு என்றால் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட், சென்னை துறைமுக சுகாதார அலுவலகம். முன்பதிவு செய்துவிட்டு அசல் பாஸ்போர்ட்டோடு போங்கள். ஒரு குப்பியில் பல பேருக்கான மருந்து இருக்கும். திறந்தால் சில மணி நேரத்தில் தீர்த்தாக வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிடுவார்கள். அதனால் ஆள் சேர்த்துக் குறிப்பிட்ட நாளில்தான் போடுவார்கள். நினைத்த நேரத்தில் போய் நின்றால் திரும்பத்தான் வேண்டும்.

கடலோடி
போட்டால் 10 வருஷத்துக்குக் கவலை இல்லை.

எல்லைக்கோடு
10 வருஷம் என்பது பழைய கதை. 2014-இல் உலக சுகாதார மாநாட்டில் விதியைத் திருத்தி, 2016 ஜூலை 11 முதல் ஆயுள் முழுக்கச் செல்லும் என்று அமலுக்கு வந்தாயிற்று. பழைய புத்தகத்தில் 10 வருஷம் என்று எழுதியிருந்தாலும் அது ஆயுளுக்கும் செல்லும்.

கடலோடி
விதி உங்களுக்குத் தெரியும், துறைமுகம் எனக்குத் தெரியும். தேதி தாண்டிய புத்தகத்தைக் காட்டினால் முகத்தைச் சுளிக்கும் அதிகாரி இன்னும் இருக்கிறார். கப்பல் கம்பெனியும் வம்பு வேண்டாம் என்று மறுபடி போடச் சொல்கிறது. நடுக்கடலில் நின்றுகொண்டு ஜெனீவா மாநாட்டுத் தீர்மானத்தை வாசிக்கச் சொல்கிறீர்களா?

எல்லைக்கோடு
தெரியாத அதிகாரிக்காகத் தேவையில்லாத ஊசி போட்டுக்கொள்வது உங்கள் இஷ்டம். இங்கே வருகிறவர்களுக்குத் தவறாகச் சொல்லாதீர்கள்.

கடலோடி
தவறாக எங்கே சொன்னேன்? நடைமுறை என்று ஒன்று இருக்கிறது ஐயா. புத்தகத்தைக் கையில் வாங்கிப் பார்க்கிறவன் தேதிக் கட்டத்தைத்தான் பார்ப்பான்.

நாடோடி_2
எனக்கு ஒரு சந்தேகம். கென்யாவே கேட்காததை நம் ஊரில் ஏன் இவ்வளவு கெடுபிடியாகக் கேட்கிறார்கள்? மலேரியாவுக்கு யாரும் சான்றிதழ் கேட்பதில்லையே. எல்லாம் வருமானத்துக்கு ஒரு வழி.

வெள்ளைக்கோட்டு
வருமானம் இல்லை. மஞ்சள் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் ஈஜிப்டி கொசு நம் ஊரில் வேண்டிய மட்டும் இருக்கிறது, டெங்கு பரப்புவதும் அதேதான். வைரஸ் மட்டும்தான் இன்னும் இங்கே வரவில்லை. அதனால் யார் உடம்பிலும் எதிர்ப்புச் சக்தியும் கிடையாது. ஒரே ஒரு நோயாளி தொற்றோடு வந்து இறங்கி, அவரைக் கொசு கடித்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். தொற்று ஏறியதிலிருந்து அறிகுறி தெரிய 3 முதல் 6 நாள் ஆகும். அந்த 6 நாள் தனிமை அங்கிருந்துதான் வந்தது. மலேரியா இங்கே ஏற்கெனவே இருக்கிற நோய். அதைத் தடுக்க எல்லையில் நின்று பயன் இல்லை. நீங்கள் போகும்போது மாத்திரை சாப்பிட வேண்டுமா என்பதை மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், கிளம்புவதற்கு முன்பே தொடங்க வேண்டியவை உண்டு.

புதியவன்_ஆப்பிரிக்கா
சார், ஊசி போடாமலே புத்தகம் மட்டும் எழுதி, சீல் வைத்துக் கொடுக்கிற ஆள் எனக்குத் தெரியும். தனிச் செய்தியில் வாருங்கள்.

மட்டுறுத்துநர்
மேலே உள்ளவரின் கணக்கு நிறுத்தப்பட்டுள்ளது. போலிச் சான்றிதழ் பற்றிய பேச்சு இங்கே வேண்டாம். எல்லைக்கோடு, கடலோடி இருவரும் 10 வருஷச் சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்ளவும்.

சிறுத்தைவேகம்
அப்பாடா, அப்படியானால் 23-க்குள் 10 நாள் ஆனால் போதும். 16-ஆம் தேதி நமங்கா எல்லைச் சாவடி வழியாக டான்சானியா போகிறோம், செரெங்கெட்டி சரணாலயம், அப்புறம் சான்சிபார் தீவு, அங்கிருந்தே ஊர் திரும்புகிறோம். அதற்குத் தனியாக ஏதும் வேண்டாம்தானே? அம்மாவும் வருகிறார், 68 வயது. மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறார், மற்றபடி ஆரோக்கியம்.

பைமூட்டை
இதைத்தான் ஐயா முதல் பதிவிலேயே கேட்டேன்! பக்கத்து நாடு உண்டா, வயது என்ன என்று.

கணக்கே மாறிவிட்டது. டான்சானியாவும் கென்யா மாதிரிதான், மஞ்சள் காய்ச்சல் நாட்டிலிருந்து வருகிறவரிடம் சான்றிதழ் கேட்கும். நீங்கள் வருவது கென்யாவிலிருந்து. அப்படியென்றால் 16-ஆம் தேதி நமங்காவில் அது செல்லுபடியாக இருக்க வேண்டும். 6-ஆம் தேதிக்குள் போட்டால் சரி. 7 ஆனாலும் எல்லையில் மாட்டிக்கொள்வீர்கள். நாளைக்குக் காலையிலேயே மையத்துக்குப் போன் போடுங்கள்.

எல்லைக்கோடு
கென்யா இ.டி.ஏ. டான்சானியாவுக்குச் செல்லாது என்பதாவது தெரியுமா? கிழக்கு ஆப்பிரிக்கச் சுற்றுலா விசா என்று ஒன்று உண்டு, 100 டாலர். அதுகூட கென்யா, உகாண்டா, ருவாண்டா மூன்றுக்கும்தான். டான்சானியாவுக்குத் தனி இ-விசா, இந்தியர்களுக்கு 50 டாலர். அரசு இணையதளம் போலவே வேஷம் போட்ட தளங்கள் இரண்டு மடங்கு பிடுங்கும், முகவரியைப் பார்த்துப் பணம் கட்டவும். சான்சிபாருக்கு 2024 அக்டோபரிலிருந்து அவர்கள் ஊர் காப்பீட்டை வாங்கியே ஆக வேண்டும், 44 டாலர். நம் ஊரில் எடுத்த பயணக் காப்பீடு அதற்கு ஈடாகாது. "தனியாக ஏதும் வேண்டாம்தானே" என்று கேட்டதற்கு இவ்வளவு.

நாடோடி_2
அதோடு பிளாஸ்டிக் பையை எடுத்துப் போகாதீர்கள். கென்யாவில் 2017 முதலே தடை, டான்சானியாவில் 2019 முதல். டியூட்டி ஃப்ரீ பையைக்கூட விமான நிலையத்திலேயே விட்டுவிட வேண்டும். இதை மட்டும் என்னிடம் கண்டிப்பாகக் கேட்டார்கள்!

வெள்ளைக்கோட்டு
பிளாஸ்டிக் பை கிடக்கட்டும், அம்மா விஷயத்துக்கு வாருங்கள். இந்த ஊசியில் இருப்பது வலுக்குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ். மெத்தோட்ரெக்சேட் நோய் எதிர்ப்பைத் தணிக்கும் மருந்து. இரண்டும் ஒத்துப்போவதில்லை. 60 வயதைத் தாண்டி முதல் தடவையாகப் போடுகிறவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அரிதுதான், ஆனால் வந்தால் உயிருக்கே ஆபத்து. மையத்தில் கேட்டால் "பிரஷர் மாத்திரை மட்டும்தான்" என்று சொல்லிச் சமாளிக்க வேண்டாம். மருந்துச் சீட்டைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஊசிக்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். மூட்டு டாக்டரை முதலில் பாருங்கள். முட்டை கடுமையாக ஒவ்வாதவர்கள் யாராவது இருந்தால் அதையும் சொல்லுங்கள், தடுப்பு மருந்தைத் தயாரிப்பதே கோழி முட்டைக் கருவில்தான்.

நாடோடி_2
அப்போது அம்மாவுக்கு டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கினால் முடிந்தது. இதற்கு ஏன் இவ்வளவு பீதி?

வெள்ளைக்கோட்டு
ஊசி ஆகாது என்று மருத்துவக் காரணத்தோடு கடிதம் கொடுக்கலாம், சர்வதேச விதியிலேயே அதற்கு இடம் உண்டு. ஆனால் அதை ஏற்பதும் ஏற்காததும் எதிரில் உட்கார்ந்திருக்கும் சுகாதார அதிகாரியின் கையில். நமங்காவில் ஒருவர், திரும்பும்போது விமான நிலையத்தில் இன்னொருவர். கடிதம் ஊசி ஆகாது என்பதைத்தான் சொல்லும், நோயிலிருந்து காப்பாற்றாது. மூட்டுவாதத்தோடு 68 வயது அம்மாவைக் கொசுக்கடியில் சஃபாரிக்கு அழைத்துப் போவதே சரியா என்பதுதான் எனக்குக் கேள்வி. என் அம்மா என்றால் கூட்டிப்போக மாட்டேன்.

கடலோடி
நான் வெள்ளைக்கோட்டு பக்கம். எங்கள் கப்பலிலும் கடிதத்தோடு வந்த ஒருவரைத் துறைமுகத்தில் இறங்கவிடவில்லை. கப்பலிலேயே உட்கார்ந்திருந்தார்.

எல்லைக்கோடு
தனிப்பட்ட ஒரு சம்பவத்தை வைத்து...

மட்டுறுத்துநர்
வேண்டாம்.

பைமூட்டை
சிறுத்தைவேகம், தேதி கிடைத்ததா? 6 தாண்டிவிட்டால் எல்லை கடக்கும் நாளைத் தள்ள முடியுமா என்று பாருங்கள்.

சிறுத்தைவேகம்
மன்னிக்கவும், அலைச்சலில் எழுத முடியவில்லை. 9-ஆம் தேதிக்குத்தான் இடம் கிடைத்தது. நானும் மனைவியும் போட்டுக்கொண்டோம். மாரா, நகுரு என்று கென்யாவை நீட்டி, எல்லை கடப்பதை 19-க்குத் தள்ளியாயிற்று, சான்சிபார் இல்லை. டாக்டர் ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றுவிட்டார், அம்மா அக்கா வீட்டில் இருப்பார். ஏஜென்ட் மாற்றுக் கட்டணம் கேட்கிறார். நன்றி, பெட்டி கட்ட வேண்டும்.

பைமூட்டை
நல்லது. கிளம்புமுன் புத்தகத்தைத் திறந்து பாஸ்போர்ட் எண், ஊசி போட்ட தேதி, மருந்தின் பேட்ச் எண், கையெழுத்து, முத்திரை ஐந்தும் இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அங்கேயே போய்த் திருத்தி வாங்குங்கள், நீங்களாகப் பேனாவால் அடித்துத் திருத்தினால் செல்லாமல் போய்விடும். புத்தகத்தைக் கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டியில் போட வேண்டாம்.